கடைசிச் செம்பு வெந்நீர்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் பேறுகாலக் குளிக்கு ஆள் பிடிப்பது கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கஷ்டம். மண்டபத்துக்காவது முகூர்த்த நாளில்தான் கிராக்கி. பிள்ளை பிறப்பதற்கு நாளும் கிழமையும் கிடையாது. பூதப்பாண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளை பெற்றவளை நம்பி ஒப்படைக்கக்கூடியவர்கள் மூன்றே பேர்தான். அதில் ஒருத்தியை, மருமகளுக்கு நான்காம் மாதம் நடக்கும்போதே போனில் பிடித்துவிட்டேன். அவள் டைரியைப் பார்த்தாள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு வீடு இருக்கிறது, காலை பத்து மணிக்கு மேல் என்றால் வரலாம், ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்துதான் வருவேன் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவள் நான். எந்தத் தாசில்தாரிடமும் அத்தனை சரி சொன்னதில்லை.

அவளைக் குளிக்காரி என்றுதான் எழுதப்போகிறேன். முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டாள். நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டியில் வருவாள். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி எங்கள் துளசிமாடத்தின் ஓரத்தில் வைப்பாள், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகுவாள், பிறகு அந்த வீடு அவள் வீடு. அண்டாவில் தண்ணீர் எத்தனை வாளி, அதில் புளியிலை எவ்வளவு, நொச்சி எவ்வளவு, பலா இலை எவ்வளவு, எல்லாம் அவள் வைத்த சட்டம். குளிக்கு வேதுத் தண்ணீர் காய்ச்ச அடுப்பில் தீ போடும் உரிமை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது இங்கே எல்லாச் சாதிக்கும் மதத்துக்கும் பொது. என் மருமகளுக்கு அது வாய்க்கவில்லை. அவள் குளச்சல்காரி, கடலை நம்பிப் பிழைக்கிற கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் வயலை நம்பிய சைவ வீடு. முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை. என் மகனும் அவளும் சென்னையில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். எங்கள் பக்கம் என் கணவர் மூன்று மாதம் மகனிடம் முகம் கொடுக்கவில்லை. அவள் பக்கம் இரண்டு வருஷமாக ஒருவரும் பேசவில்லை. மகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனபின், ஏழாம் மாதம் அவள் எங்களிடம் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். குளச்சலுக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை.

நான் இரண்டு பெற்றவள். இரண்டு பேறுகாலத்திலும் என் அம்மாவை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வெந்நீர் சுடுகிறது என்று கத்தினேன். மருந்து கசக்கிறது என்று அவள் புடவையிலேயே துப்பினேன். உளுந்தங்களியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினேன். அம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அந்த நாற்பத்தொரு நாளும் சிடுசிடுக்க ஒரு ஆள் வேண்டும். உடம்பெல்லாம் ரணமாக இருக்கும்போது அந்தச் சிடுசிடுப்பு ஒரு மருந்து என்றே நான் நினைக்கிறேன். இவளுக்கு அந்த ஆள் இல்லை. சரி, நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். இந்த நாற்பத்தொரு நாளில் ஒரு தடவையாவது இவள் என்னிடம் முகம் சுளிக்க வேண்டும், அம்மாவிடம் எரிந்து விழுவதுபோல என்னிடம் விழ வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் ‘சரி மாமி’ மட்டுந்தான்.

எங்கள் வீடுகளில் மாமியாரை அத்தை என்பார்கள். அவர்கள் வழக்கம் மாமி. முதலில் அது யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல இருந்தது, பிறகு பழகிவிட்டது. களி வேண்டுமா? சரி மாமி. இன்னும் கொஞ்சம்? போதும் மாமி. மருந்து கசக்கிறதா? இல்ல மாமி. சுக்கும் திப்பிலியும் ஓமமும் இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய மருந்து அது. கிண்டிய எனக்கே தொண்டையில் எரிந்தது. அவளுக்குக் கசக்கவில்லையாம்.

ஏழாம் நாள் குளி தொடங்கினோம். கொல்லையில் தென்னந்தட்டி வைத்து மறைத்த இடம். குளிக்காரி அவளைப் பலகையில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, இடுப்பையும் வயிற்றையும் நீவி, பிறகு வேதுத் தண்ணீரைச் செம்பு செம்பாக வீசி ஊற்றினாள். முதுகில் படார் படாரென்று சத்தம் கேட்டது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அண்டாவில் அடித்தண்ணீர் மிஞ்சியபோது குளிக்காரி நிறுத்திவிட்டு, யாரையோ தேடுவதுபோலச் சுற்றும் பார்த்தாள்.

“கடைசிச் செம்பு அம்மை கையால ஊத்தணும். நான் போற எல்லா வீட்லயும் அதுதான் மொற” என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு செம்பை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கி, மொண்டு, தோளில் ஊற்றினேன். செம்பைப் பிடித்த என் கையே பொறுக்கவில்லை. சூடு சரியாக இருக்கிறதா மக்கா என்று கேட்டேன். சரியா இருக்கு மாமி என்றாள். முதுகு செம்பருத்தியாகச் சிவந்திருந்தது.

தினமும் அப்படித்தான் நடந்தது. குளித்ததும் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். தலைக்குச் சாம்பிராணி. குழந்தையைக் குளிக்காரி காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கைப் பிடித்துவிட்டுத் தலையை உருட்டிவிட்டு, அது ஊரைக் கூட்டி அழுதபின் தாயிடம் கொடுப்பாள். பூண்டுக் குழம்பு, சுண்டை வற்றல், உளுந்தங்கஞ்சி என்று நான் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். வைத்ததைத் தின்றாள். ஆனால் கோழி கொத்துவதுபோலத்தான். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டு அழும்.

பன்னிரண்டாம் நாள் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வந்து குழந்தையைத் தூக்குத் தராசுத் துணியில் போட்டு நிறுத்தாள். பிறந்த எடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அடிக்கடி மாரில் போடச் சொன்னாள், தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றாள், ஒரு வாரம் கழித்து வருவேன், அப்போதும் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டியதுதான் என்றாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும், அந்தப் பெண் எப்போதாவது அழுதாளா என்று கேட்டாள். இல்லை, தங்கமான பெண், அழுததே இல்லை என்றேன். நர்ஸம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் நான் தட்டிக்கு இந்தப் பக்கம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் குளிக்காரி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் தாழ்ந்த குரலில் அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“அக்கா, இன்னைக்கு ஒங்க வீட்ல என்ன மீனு?”

சாளைதான், தேங்காய் அரைத்து வைத்தேன், கொஞ்சம் புளி கூடிவிட்டது என்றாள் குளிக்காரி. மருமகள் ம் என்றாள். அப்புறம், எங்க வீட்ல பேறு நடந்தா பால் ஊறதுக்குப் பால்சுறா புட்டு செய்வாவ என்றாள். அவ்வளவுதான். கேட்கவில்லை, குறைப்படவில்லை. யாரோ தூரத்து ஊரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அடுப்புப் புகையா வேறெதுவுமா தெரியவில்லை, கண் கரித்தது.

என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் நின்று, நம் வீட்டில் மீன் சமைக்கப்போகிறேன் என்றேன். தினமும் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷர். பேப்பர் அசையவில்லை. நான் விளக்கம் சொல்லத் தயாராக இருந்தேன், ஆபீஸ் பைலில் குறிப்பு எழுதுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அதுக்குப் பேரு என்ன, எழுதிக் குடு என்றார்.

குளிக்காரி துண்டுச் சீட்டில் பால்சுறா என்று எழுதிக் கொடுத்தாள். அவர் பைக்கில் போனார். மீன் சந்தையில் எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது என்று ஒன்றும் தெரியாமல், சீட்டை நீட்டிக்கொண்டு நின்றாராம். பிள்ளை பெற்றவளுக்கு என்றதும் அந்த மீன்காரப் பெண்மணி மற்றவர்களை விலக்கிவிட்டு, நல்லதாகப் பார்த்து எடுத்து, துண்டு போட்டுக் கொடுத்தாளாம். தூக்குவாளியை மூடி, மூன்று பேப்பர் சுற்றி, கொல்லைச் சுவரோரம் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார். அந்த மனுஷர் மேல் எனக்கு நாற்பது வருஷத்தில் எத்தனையோ கோபம் உண்டு. அன்றைக்குப் பாதியைத் தள்ளுபடி செய்தேன்.

கொல்லையில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்த சாய்ப்புக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. மாடு போய் வெகுநாளாயிற்று. அங்கே புதுச் சட்டி வைத்து, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குளிக்காரியைப் போனில் கூப்பிட்டேன். அவள் வேறு வீட்டில் எண்ணெய்க் கையோடு இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு, இரைந்து சொன்னாள்.

“மஞ்ச போட்டு வேக வச்சு, முள்ள எடுத்துக் களஞ்சிட்டு, நல்லா உதுத்துக்கிடுங்க. சின்ன உள்ளியும் பூண்டும் நல்லமிளகும் கூடுதலாப் போட்டு வதக்குங்க அக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

வேற ஒண்ணும் இல்லை என்றால் எனக்கு வேற ஒண்ணும் இல்லைதான். சொன்னபடி செய்தேன். வெந்த துண்டுகளில் சாம்பல் நிறத்தில் தோல் இருந்தது. இதை என்ன செய்வது என்று ஒரு கணம் தோன்றியது. கத்தரிக்காயைத் தோலோடுதானே வதக்குகிறோம், சத்தெல்லாம் தோலில்தானே இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அதையும் சேர்த்துப் பிசைந்து உதிர்த்தேன். உப்புப் பார்க்கவில்லை. மீன் என்பதால் மட்டுமல்ல, எங்கள் வீட்டில் சமைக்கும்போது எதையுமே வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது. சாமிக்குக் காட்டியபிறகுதான் மனுஷ நாக்குக்கு. கண்ணளவிலும் வாசனையிலும் உப்பு உறைப்புச் சரிபார்க்கிற கை என்று எனக்குப் பெரிய பெருமை வேறு உண்டு.

தட்டில் சூடாகச் சோறு வைத்து, பக்கத்தில் புட்டைக் குவித்து, அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மூக்கில் இன்னும் முந்தானை கட்டியிருந்தது, அவிழ்க்க மறந்துவிட்டேன். நான் சாப்பிடு என்று சொல்வதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளைபோல அழுதாள். குழந்தையும் விழித்துக்கொண்டு கூட அழுதது. நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தட்டை ஒரு படம் பிடித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் படம் பிடிக்கவில்லை, மகனுக்கு அனுப்புவாள் என்று நினைத்தேன். அதன்பின் சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வாயையும் வெகுநேரம் மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்து, ஒரு துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்றேன். நல்லா இருக்கு மாமி என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் நிறையக் குடித்தாள், பாலுக்கு அது நல்லது. மென்று மென்று தின்றாள், ரசித்துத் தின்கிறாள். இப்படி நானே எல்லாவற்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப்பின் ஒன்றுவிட்டு ஒருநாள் பால்சுறா. என் கணவர் சந்தைக்குப் போய் வருவதில் தேறிவிட்டார், அந்தப் பெண்மணி இவரைக் கண்டதும் எடுத்து வைப்பாளாம். நர்ஸம்மா மறுபடி வந்தபோது குழந்தை பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. பால்சுறாவா, அன்றைக்கு அழுத அழுகையா, அடிக்கடி மாரில் போட்டதா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. நர்ஸம்மா மூன்றாவதுதான் என்றாள். நான் என் புட்டுதான் என்று குளிக்காரியிடமும், மஸ்கட்டில் இருக்கும் மகனிடமும், பால் ஊற்ற வருகிறவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இத்தனைக்கும் நடுவே அவள் சரி மாமியை விடவில்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், குழந்தையோடு கொஞ்சிப் பேசினாள், ஆனால் தண்ணீர் சுடுகிறதா என்றால் இல்லை, கட்டு இறுகுகிறதா என்றால் இல்லை. குறை சொல்லத் தெரியாத பெண்ணாகப் பிறந்துவிட்டாள்போல என்று விட்டுவிட்டேன்.

இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். குளி முடிந்து குளிக்காரி கிளம்பிவிட்டாள். வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். ஒல்லியான உடம்பு, உறுதியான கை, இடுப்பில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. யார் வேண்டும் என்றேன். நான் குளச்சல்லேருந்து வாறேன் என்றாள். மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் மருமகளின் மூக்கும் நெற்றியும் அப்படியே அந்த முகத்தில் இருந்தன.

நான் கேட்டைத் திறப்பதற்குள், குரல் கேட்டு மருமகள் வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்குப்பின் அந்தத் தாய் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை, பச்சை உடம்போடு காற்றில் வந்து நிற்காதே, உள்ளே போ என்பதுதான். மகளும் சளைக்கவில்லை. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய், இப்போது எதற்கு வந்தாய் என்று எரிந்து விழுந்தாள். உள்ளே போய் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். தாய் வாளியோடு பின்னாலேயே ஓடினாள். ஐந்து நிமிஷம் இரண்டு குரலும் சண்டை போட்டன. பிறகு ஒரே அழுகை.

நான் நடையிலேயே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. கூடவே பொறாமையாகவும் இருந்தது. இருபத்தைந்து நாளாக நான் காத்திருந்த சிடுசிடுப்பை வந்த நிமிஷத்திலேயே வாங்கிக்கொண்டுவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தாய் வெளியே வந்து, கொதிக்கிற தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்றாள். சாய்ப்புக்கு அழைத்துப் போனேன். வாளியில் பால்சுறாத் துண்டுகள் இருந்தன. வேகவைக்கும் முன்பு அவற்றின்மேல் அந்தக் கொதிநீரை ஊற்றினாள். கத்தியின் முதுகால் தோலைச் சுரண்டினாள். சாம்பல் நிறத்தில் மண்மண்ணாக உதிர்ந்தது. துண்டைத் திருப்பித் திருப்பி, வெள்ளையாகும்வரை சுரண்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இது எதற்கு என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

தலை நிமிராமலே சொன்னாள்: “கோவப்படாதீங்க மைனி. பிள்ள எனக்குப் படம் அனுப்பியிருந்தா. கறுப்பு கறுப்பாக் கெடந்துது. நல்லமிளகுன்னு நெனச்சேன். வெரல வச்சுப் பெருசாக்கிப் பாத்தா, தோலு. எனக்க பிள்ள மண்ணோட திங்குதேன்னு பாத்துட்டு அதுக்குமேல எனக்கு இருக்க முடியல்ல.”

அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு மருமகள் பிடித்த படம் மகனுக்குப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அம்மாவுக்குப் போயிருக்கிறது. நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையாம். சைவக்காரி வீட்டில் தன் மகளுக்காக மீன் வெந்திருக்கிறது என்று பார்த்தும், வீட்டு ஆண்களுக்குப் பயந்து பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்திருக்கிறாள். அந்தத் தோல்தான் அவளைப் பொறுக்க விடவில்லை. வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயா என்றேன். இல்லை, போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

அரிசியைக் களைந்து போடு என்று நமக்கு யாராவது சொல்வார்களா? அதுபோலத்தான், சுறாவைச் சுரண்டு என்று குளிக்காரிக்கும் சொல்லத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு மட்டும் தெரியவில்லை, வாயில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. சுரண்டாத ஒரு துண்டை எடுத்துத் தோலில் விரலை ஓட்டினேன். முதல் தடவையாக அன்றுதான் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. உப்புத்தாள்போலச் சொரசொரத்தது. ஆறு தடவை இதை அவளுக்குப் பரிமாறியிருக்கிறேன். ஆறு தடவையும் நல்லா இருக்கு மாமி.

நேரே அறைக்குப் போனேன். அவளிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை.

“ஏட்டி, மண்ணத் தின்னிருக்க. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லப்படாதா?”

குழந்தை மாரில் கிடந்தது. அவள் சன்னலைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் சாய்ப்பு நேரே தெரியும்.

“மூக்கப் பொத்திட்டு நீங்க செஞ்சத நான் பாத்துட்டு இருந்தேன் மாமி. அதுக்க மேல நான் என்னத்தச் சொல்ல?”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது அன்பால்தான், எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் வலித்தது. அம்மாவுக்குப் பதிலாக இருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் எங்கள் வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறாள். விருந்தாளிதான் மண்ணைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். மகளாக இருந்தால் தட்டைத் தள்ளியிருப்பாள், நான் தள்ளியதுபோல.

இனிமேல் ஏதாவது நன்றாக இல்லையென்றால் சொல்லிவிடு, எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். சரி மாமி என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

அந்தத் தாய் அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வந்தாள். இரண்டு பஸ் மாறி, சுரண்டிய மீனோடு வந்து, மத்தியானத்துக்குமேல் திரும்பிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் இன்னும் இறங்கிவரவில்லை, ஆனால் நல்ல மீனாகப் பார்த்து வாளியில் போட்டு வைக்கிறார் என்றாள். சாய்ப்பில் அவள் சமைப்பாள், நான் அடுப்பில் தீ பார்ப்பேன். மூக்கில் முந்தானை கட்டுவதை நிறுத்திவிட்டேன். அண்ணி முறைவைத்து என்னை மைனி என்று கூப்பிட்டுக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். மகளும் தாயும் தினசரி ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போடுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாற்பத்தொன்றாம் நாள் கடைசிக் குளி. குளிக்காரி அன்றைக்கு எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே தேய்த்தாள், தண்ணீரில் இலையையும் கூடுதலாகப் போட்டாள். தாய் தட்டியோரம் நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். அண்டாவில் அடித்தண்ணீர் மிஞ்சியது. குளிக்காரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று முழித்தாள். நானே போய்ச் செம்பை வாங்கி அந்தத் தாயிடம் நீட்டினேன். உரியவள் வந்துவிட்டாள், மரியாதையாகக் கொடுத்துவிடுவதுதான் முறை என்று என்னை நானே தேற்றிக்கொண்டுதான் நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை.

“இத்தற நாளும் ஊத்தினது நீங்க, இன்னைக்கும் நீங்களே ஊத்துங்க மைனி. எனக்க பிள்ளைக்கு மண்ணு தின்னக் குடுத்த கைதானே” என்றாள்.

குளிக்காரி சிரித்த சிரிப்பில் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் உட்கார்ந்திருந்தவளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தண்ணீரை மொண்டு அவள் தோளில் ஊற்றினேன். முதுகு வழக்கம்போலச் சிவந்தது. பழக்கதோஷத்தில் சூடு சரியா இருக்கா மக்கா என்று கேட்டுவைத்தேன்.

அவள் தோளைக் குலுக்கி, முகத்தைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க சரியா இருக்கு? சுடுகு மாமி. எத்தற நாளாச் சுடுகு தெரியுமா?” என்றாள். நல்ல எரிச்சலோடுதான் சொன்னாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செம்பில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. பக்கத்து வாளியிலிருந்து பச்சைத் தண்ணீர் எடுத்து அதில் விளாவினேன்.